வலப்பக்கக் கட்டம்

நோயே சுங்கச் சாவடிக்கான புதுப் படிவத்தைத்
தட்டச்சு செய்தவள் நான்.
இடப்பக்கம் ஃபிரெஞ்சு, வலப்பக்கம் ஆங்கிலம்.
கானாவிலிருந்து வரும் லாரிக்காரர்களுக்கு
இடப்பக்கம் எறும்பு ஊர்ந்த தடம்.

பெயி-பா. எதிரே நெதர்லாந்து.
இரண்டுக்கும் பொருள் ஒன்றே: தாழ்ந்த நிலம்.
அதனால்தானோ என்னவோ
எங்கள் கோக்கோ மூட்டையெல்லாம்
பள்ளம் கண்ட நீராய் அங்கே ஓடுகிறது.

அல்மாஞ். எதிரே ஜெர்மனி.
ஒரு குலத்தின் பெயரை எடுத்து
மொத்த நாட்டுக்கும் போர்த்திவிட்டார்கள்.
அந்த ஊர்க்காரர்கள் தம்மை
இப்படியும் அழைப்பதில்லை, அப்படியும் இல்லை.

காப்-வேர், பச்சை முனை.
அங்கிருந்து வந்த கப்பல் சமையல்காரன்
ஒருநாள் இந்த மேசையில் கையூன்றிச் சொன்னான்:
"பச்சை இருந்தது எதிர்க்கரையில்.
எங்களுக்கு வந்து சேர்ந்தது பெயர் மட்டும்."

கடைசி வரி என் நாடு.
கோத் திவார்.
கை பழக்கத்தில்
ஐவரி கோஸ்ட் என்று அடித்துவிட்டேன்.
மெசியே அசெமியான் சிவப்பு மையால் கீறினார்.
"இதை மொழிபெயர்க்கக் கூடாது. அரசாணை."
"மற்ற நாடுகளை?"
"அது அவரவர் தலைவலி."

மழை பிடித்துக்கொண்ட மதியம்
பிளாஸ்டிக் பேசின் ஏற்றிய லாரியோடு
எலூபோவிலிருந்து ந்யமேக்கே வந்தான்.
படிவத்தின் அடிவரை விரலோட்டி நின்றான்.
"இங்கே மட்டும் இருபக்கமும் ஒன்று. அச்சுப்பிழையா?"
பொருளைச் சொன்னேன்: தந்தக் கரை.
"யானை எங்கே?" என்று
ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தான்.
வெளியே மூன்று ஆடு, ஒரு டயர்.

"உன் நாட்டுக்கும்
எங்கள் பழைய வரைபடத்தில் பெயர் உண்டு:
கோத் த லோர், தங்கக் கரை.
எங்கே தங்கம்?"
அவன் வாயைத் திறந்து
கடைவாயில் மின்னிய ஒற்றைப் பல்லை
நகத்தால் தட்டிக் காட்டினான்.

எடுத்துப் போன பொருளின் பெயரையே
எடுத்த இடத்துக்கு வைத்துப் போனார்கள்.
அவர்கள் பெயரைக் கழற்றி எறிந்தார்கள்.
நாங்கள் பூட்டுப் போட்டு வைத்துக்கொண்டோம்.
எது சரியென்று
இந்தச் சம்பளத்துக்கு நான் யோசிப்பதில்லை.

ஃபிரெஞ்சில் என் நாடு பெண், கானா ஆண்.
ஆங்கிலத்தில் இரண்டும் அஃறிணை.
இதைச் சொன்னதும் அவன் சிரித்த சிரிப்பில்
அசெமியான் கதவைச் சாத்தினார்.

அதன்பின் நாங்கள்
அவன் ந்ஸெமாவிலும் என் அஞ்ஞியிலுமாகப் பேசினோம்.
அவன் பாதி, நான் பாதி,
நடுவில் பேசினின் விலை.
அந்தப் பேச்சில் அவனுக்கும் அவளுக்கும்
ஒரே ஓசை.

பிறந்த இடம் என்ற கட்டத்தில்
ஆற்றோர ஊர் ஒன்றை எழுதினான்.
எதிர்க்கட்டத்திலும் அதையே எழுதினான்,
எழுத்து மாறாமல்.
அதற்கு யாரும் ஆணை போட்டதில்லை.

முத்திரை குத்தினேன்.
ஈரத்தில் மை பரவி
தேதி மட்டும் அழிந்துவிட்டது.