வழக்கு ஏதுமில்லை

முக்கூடலில் பீடிக் கம்பெனிக்குப் பின்னால்
பிள்ளைகள் காப்பகம் திறக்கிறார்கள்.
இரண்டு பேருக்கு நன்னடத்தை கேட்டு
என் மேசைக்கு வந்தது கவர்.
இருபத்தாறு வருஷமாக ஸ்டேஷன் ரைட்டர் நான்.
எழுத்து முத்து முத்தாக இருக்கும் என்பார்கள்.

முதல் மனு ஆயா வேலைக்கு. முப்பிடாதி, வயது 44.
கம்ப்யூட்டர் உடனே காட்டிக்கொடுத்தது:
ஆலங்குளம் ரோட்டில் காலிக்குடத்தோடு உட்கார்ந்த
பதினொரு பேரில் ஏழாவது எதிரி.
பஸ் நாற்பது நிமிஷம் நின்றதாக
என் எழுத்திலேயே இருக்கிறது.
தண்ணீர் வந்ததா என்று எழுத
அதில் இடம் கிடையாது.
"அவளா? எம்புள்ளைக்கு வலிப்பு வந்த அன்னைக்கு
தோள்ல போட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுனது அவதாம்யா"
என்றாள் எதிர்வீட்டுக்காரி,
பீடிக்கு நூல் சுற்றுவதை நிறுத்தாமல்.

அடுத்தவன் வேன் ஓட்ட. லிங்கதுரை, வயது 38.
கம்ப்யூட்டர் சுற்றிச் சுற்றித் தேடி
வெள்ளையாக நின்றது.
"நல்ல பையன்தான்" என்றார் டீக்கடைக்காரர்,
நான் கேட்டு முடிக்கும் முன்னே.
பக்கத்து வீட்டில் காயப்போட்ட சேலையை உருவிக்கொண்டு
ஒருத்தி உள்ளே போனாள்.
கொண்டி விழுந்தது.
அது எனக்கும் சேர்த்துத்தான் விழுந்தது.

2014 ஐப்பசி. அடைமழை. ராத்திரி ஒன்பது மணி.
பெஞ்சில் ஒரு பிள்ளை,
கால் தரை தொடாமல்.
"பொட்டப்புள்ள சார். வெளிய தெரிஞ்சா பொழப்பு நாறிப்போவும்."
இரண்டு பக்கத்து ஆட்களும் அன்றைக்கு ஒரே பேச்சு.
அய்யா என்னைப் பார்த்தார்.
பேனாவைத் திறந்தேன்.
'எங்களுக்குள் சமாதானமாகப் போய்விட்டோம்,
மேல் நடவடிக்கை தேவையில்லை.'
எழுதி முடிக்கும்வரை அவள்
பேனா முனையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.
எல்லாரும் டீ குடித்தோம்.
அவளுக்கு ஒரு பிஸ்கட்.

கம்ப்யூட்டரைச் சொல்லிக் குற்றமில்லை.
நான் போடாததை அது எங்கிருந்து எடுக்கும்.

படிவத்தில் ஒரே கட்டம்: உண்டு, இல்லை.
சீக்கிரம் அனுப்பச் சொல்லி
இரண்டு தடவை போன் வந்துவிட்டது.

பின்னறையில் ஒழுகுகிற மூலையில்
பழைய மனுக்கட்டுகள் கிடக்கின்றன.
கரையான் எதைத் தின்றதோ, எதை விட்டதோ.
கிடைத்தால் லிங்கதுரை பெயருக்குக் கீழே
'எழுதியது' என்ற இடத்தில் நானும் இருப்பேன்.
பென்ஷனுக்கு இன்னும் பதினாலு மாசம்.

"இந்நேரத்துக்கு என்ன ஏட்டையா தேடுதீய?"
பாராக்காரப் பையன் வாசலில்.

ஒரு கையெழுத்து.
டார்ச்சைக் கொஞ்சம் தாழப் பிடிடே.