இரட்டை எண்ணிக்கை

மேலூர்ப் பக்கம் ஒரு கண்மாய்.
என் கோப்பில் அதன் பெயர் எம் பதினேழு.
திரையில் நீலத்துண்டு.
கரையில் நின்று பார்த்தால்
பாதி ஆகாயத்தாமரை, மீதி வானம்.

மீன் குத்தகைக்கு ரசீது இருக்கிறது.
வண்டல் எத்தனை டிராக்டர் என்று கேட்டால் சொல்கிறார்கள்,
சொன்னதில் பாதியை எழுதுகிறேன்.
வீட்டு ஆழ்துளைக் கிணறுகளில்
கயிற்றில் கல் கட்டி இறக்கி
ஈரம் தொட்ட இடத்தில் முடிச்சுப் போட்டேன்:
முப்பது அடி.
காய்ந்த வருஷத்துக்கு
மோட்டார் கட்டும் சகாயத்தின் வாய்க்கணக்கு:
நூற்றுத் தொண்ணூறு.
இடையிலுள்ள நூற்றறுபது அடிக்கு
மின்கட்டணம் போட்டதில் ஒரு விலை வந்தது.
ஏதோ சாதித்த மாதிரி
அன்று எல்லார் டீக்கும் நானே காசு கொடுத்தேன்.

அடுத்த கேள்வியில்தான் மாட்டிக்கொண்டேன்.
"இந்தக் கண்மாய் இப்படியே இருக்க
மாதம் எவ்வளவு தருவீங்க?"

வாத்து மேய்க்கும் ஒச்சம்மா
கம்பை மறுகைக்கு மாற்றினாள்.
"யாரு வாங்க வந்திருக்கா?"

விற்பனை இல்லைக்கா, மதிப்பு மட்டும்.

"வெல கேட்டா விக்கத்தான?"

அவளுக்குச் சுழியம் எழுதினேன்.
எதிர்ப்புச் சுழியம் என்று அதற்குப் பெயர் உண்டு;
சராசரியில் சேர்க்கக் கூடாது.
பொழுது சாய்வதற்குள்
பாதி ஊரைச் சராசரியிலிருந்து வெளியேற்றியிருந்தேன்.

இரவு அலுவலகத்திலிருந்து செய்தி:
ஒரே தண்ணீரை இருமுறை எண்ணாதே.

விடிந்தபோது கலுங்கு வழிந்துகொண்டிருந்தது.
அந்தத் தண்ணீர்
நெல்லில் நின்று, வடிந்து,
வரப்புக்கடியில் கசிந்து,
கீழ்க்கண்மாயில் மறுபடி தண்ணீராகிறது.
அது எம் பதினெட்டு.
அதன் மறுகால் பத்தொன்பதுக்கு.
ஒரே தண்ணீர்
ஊருக்கு ஊர் புதுசாக வந்து சேர்கிறது.
எந்த ஊரில் அதை எண்ணாமல் விடுவது?

தள்ளுபடி வீதம் எட்டு சதவீதம்.
ஐம்பது வருஷம் கழித்துப் பெய்யும் மழை
இன்றைக்கு ரூபாய்க்கு இரண்டு பைசா.
இதையும் நான்தான் தட்டச்சு செய்தேன்,
கருவேல நிழலில்,
மடியில் கணினி சுட.

கிளம்பும் நாளில் ஒச்சம்மாவே தேடி வந்தாள்.
"ஏம்மா, எம்புட்டுப் போட்ட?"
திருப்பிக் காட்டினேன்.
கோடியில் இருந்தது.
விரல்விட்டுச் சுழியங்களை எண்ணினாள்,
ஒருமுறை வலமிருந்து,
ஒருமுறை இடமிருந்து.

"அம்புட்டுத்தானா?"

அதற்குள் வாத்துகள்
கலுங்கைத் தாண்டி
எம் பதினெட்டில் இறங்கியிருந்தன.
கம்பைத் தூக்கிக்கொண்டு ஓடினாள்.