ஒற்றைப்படை மாதம்

முந்நூறு ரூபாய் கட்டி, இலவசத் தொப்பியும் வாங்கிக்கொண்டு
ஞாயிறு காலை ஆறரைக்கு
கல்மண்டபத்தில் நின்றேன்,
இருபத்திரண்டு பேரில் ஒருத்தியாக.
வாரநாளில் இதே தெருக்களில்
கரண்டு கணக்கு எடுக்கிறவள் என்று
யாரிடமும் சொல்லவில்லை.

கூட்டிப்போகிறவன் பெயர் இளம்பரிதி.
கட்டடக்கலை படித்தவன்,
கழுத்தில் குட்டி ஒலிபெருக்கி.
"மேலே பாருங்க, மெட்ராஸ் டெரஸ்" என்றான்.
எல்லோரும் அண்ணாந்தார்கள்.
எனக்குப் பழக்கதோஷம்,
கண் நேரே மாடிப்படிக்கு அடியில் போகிறது.
அங்கேதான் இருக்கும் பெட்டி,
ஒட்டடைக்குப் பின்னால்,
கம்பி உடைந்த குடை ஒன்று காவலிருக்க.

முதலில் படகுக்கோயில்.
எங்கள் ஏட்டில் அந்தப் பெயர் கிடையாது,
ஊர் வாயில்தான்.
கூரையின் உட்புறம் கவிழ்த்துப்போட்ட தோணி,
விலா எலும்பாய் வளைந்த தேக்கு.
சிலுவை இருக்கவேண்டிய இடத்தில் நங்கூரம்.
அதன்மேல் ஆண்டவர்
வலை இழுத்துக் களைத்தவர்போல் சாய்ந்திருக்கிறார்.
"அடுத்த சுவர் அந்தக்காலத்துச் சர்க்கரைக் கிடங்கு.
மழையில் மூட்டை கசிந்து
எறும்பு வரிசை பீடம்வரை ஏறுமாம்."
சிரித்தார்கள். படம் பிடித்தார்கள்.
எனக்குத் தெரிந்த கதை வேறு:
பெரிய வெள்ளிக்கு எல்லா விளக்கையும் அணைப்பார்கள்,
ஆனால் அந்த மாதக் கணக்கு குறைவதே இல்லை.
மின்விசிறிகளை யாரும் தொடுவதில்லை.
துக்கத்துக்கும் காற்று வேண்டியிருக்கிறது.

பிறகு பனைமரத்தொட்டிச் சந்துகள் வழியே
சர்க்கரை வீடு.
ஜாவாக் கப்பலில் சரக்கிறக்கிய
முத்தியாலு செட்டி கட்டியது.
பச்சையும் சிவப்புமாய்க் கண்ணாடிச் சன்னல்,
சுருண்டேறும் இரும்புப் படி,
முகப்பில் கரும்பேந்திய தேவதை,
அதற்கு மூக்கு மட்டும் இல்லை.
"கோர்ட்டில் கேஸ். முப்பது வருஷமா பூட்டு.
யாரும் குடியில்லை" என்றான்.
உச்சுக்கொட்டினார்கள்.

இணைப்பு எண் எனக்கு மனப்பாடம்.
போன கணக்கு நாற்பத்தொன்று.
அதற்கு முந்தையது முப்பத்தெட்டு.
பூட்டிக் கிடக்கிற வீடு
நாற்பத்தொரு யூனிட் தின்னுமா?

பின்சந்தில் கதவு ஒருக்களித்திருக்கும்.
ஐஸ் கம்பெனி இரவு வேலை முடிந்து
கால்விரல் வெளுத்துப்போன ஒருத்தி
டார்ச் பிடிப்பாள், நான் எண்ணைப் படிக்க.
ஆணியில் தொங்கும் அடையாள அட்டையில்
தெல்பீன் என்றிருக்கிறது.
வெள்ளை அட்டையில் இருப்பது இன்னும் செட்டி பெயர்தான்.
நூறு வரைக்கும் கட்டணம் இல்லை;
அதற்குள் ஒரு குண்டு பல்பு, ஒரு விசிறி,
டிசம்பரில் மட்டும்
யாருக்கோ மாவு அரைக்கிற மிக்ஸி.
நான் எதுவும் கேட்டதில்லை.
அவளும் ஒருமுறைதான் பேசினாள்:
"சனிக்கெழம வராதக்கா,
அன்னிக்கிதான் கொஞ்சம் தூங்கறேன்."

வாசலில் யாரோ கூவினார்கள்.
பூட்டிய கதவின் அடியில் எறும்புச் சாரை,
ஒவ்வொன்றின் வாயிலும் ஒரு வெள்ளைத் துணுக்கு.
இளம்பரிதிக்குக் குரல் நடுங்கியது.
"பாத்தீங்களா,
நூறு வருஷம் கழிச்சும் சுவருக்குள்ள சர்க்கரை!"
குனிந்தார்கள், மண்டியிட்டார்கள்.
கோயிலில்கூட யாரும் அப்படி மண்டியிடவில்லை.
ரேஷன் சர்க்கரை அது.
மாதம் ஒருமுறை வாங்கிவருவதில் கொஞ்சம் சிந்தியிருப்பாள்.
சொல்லவில்லை.

அப்போதுதான் உள்ளேயிருந்து
குக்கர் ஒரு விசில் அடித்தது.

இருபத்தோரு தொப்பிகள் நிமிர்ந்தன.
ஒலிபெருக்கி ஒரு கணம் வெறுமனே இரைந்தது.
காலையிலிருந்து நான் வாயே திறக்கவில்லை.

"பக்கத்து வூடு" என்றேன்.

அப்படியா என்று நகர்ந்தார்கள்,
அடுத்தது பார்சிக்காரர் பங்களா,
நிழல் இருக்கும்போதே போய்விட வேண்டுமாம்.
நான் கடைசியாக நடந்தேன்,
எறும்பை மிதிக்காமல்,
இரண்டாவது விசிலுக்குக் காதை வைத்துக்கொண்டு.