விழுங்காத மிடறு

ஜூன் பதினைந்துக்கு இன்னும் நாலு நாள்.
குன்னூர் மழைக்குத் தேதி கிடையாது.
மருந்துக்கடைக்கு மேல் மாடியில்
ஈரக் குடையை வாளியில் போட்டுவிட்டு
ஆடிட்டர் ரெபெக்காளின் முன் உட்கார்ந்தேன்.

"இந்த வருஷம் எவ்வளவு வரும்?"
"எனக்கெப்படித் தெரியும்? இப்பத்தானே தனியா வந்திருக்கேன்."
"தெரிய வேண்டாம் தேவகி. மதிப்புப் போடுங்க."

சிரிப்பு வந்தது.
பதினெட்டு வருஷம் அதைத்தான் செய்தேன்
புரோக்கர் கம்பெனியின் நீள மேசையில்,
ஒரு காலையில் இருநூறு கிண்ணம்.
உறிஞ்சு, நாக்கில் உருட்டு, துப்பு.
துப்பினால்தான் அடுத்த கிண்ணத்துக்கு நாக்கு மிஞ்சும்.
ஏலத் திரையில் முதல் விலை விழுமுன்பே
இந்த எஸ்.ஆர்.டி. நூற்றுப் பதினெட்டு,
இது அடுப்பில் கொஞ்சம் கூடிப்போனது, நூற்று நாலு.
பெரும்பாலும் இரண்டு ரூபாய்க்குள் நிற்கும்.
என்னை ஒரு கிண்ணத்தில் ஊற்றி
யாரும் என் முன்னால் வைத்ததில்லை.

அப்போதெல்லாம் வருமான வரி
நான் வீட்டில் இல்லாத நேரம் வரும் உறவினர்.
சம்பளம் வாசலுக்கு வருமுன்
சாப்பிட்டுவிட்டுப் போயிருப்பார்.
சீட்டில் ஒரு வரி, வரி என்று.
படித்ததுகூட இல்லை.

இப்போது கெய்ரோவில் இருவர், போலந்தில் ஒரு பொட்டலக்காரர்.
குன்னூர் ஏலத்தில் அவர்களுடைய நாக்கு நான்.
பணம் முழுசாக வருகிறது, தோல்கூட உரியாமல்.
கிள்ள வேண்டியது நானாம்.
ஜூனில் நூற்றுக்குப் பதினைந்து,
செப்டம்பருக்குள் நாற்பத்தைந்து ஆகியிருக்க வேண்டும்,
டிசம்பரில் எழுபத்தைந்து, மார்ச்சில் மொத்தமும்.
டாலர் எத்தனை ரூபாய்க்குப் போகும்,
போலந்துக்காரர் பாக்கியை எப்போது அனுப்புவார்,
எனக்குச் சளி பிடித்து நாக்கு செத்தால் எத்தனை வாரம்,
எல்லாம் சேர்ந்து ஒரே எண்.
ரெபெக்காள் பென்சிலைத் தட்டிக்கொண்டிருந்தார்.
பத்தொன்பது லட்சம் என்றேன்,
தூளை முகராமலே விலை சொன்னவள் போல.

செப்டம்பரில் துப்பவில்லை.
கணக்கில் பணம் இருந்தது.
இருக்கிற பணம் என்னுடையது மாதிரியே இருந்தது.
எடப்பள்ளி வீட்டுக்குப் புதுத் தகரம்,
தூள் நிறுக்க ஒரு ஜெர்மன் தராசு.
பதினைந்தாம் தேதி ரெபெக்காளின் செய்தியைப் பார்த்து
நாளைக்கு என்று போனைக் கவிழ்த்து வைத்தேன்.
நாளை, மூன்று மாதம் நீண்டது.
மாதம் ஒரு சதவீதம் வட்டி.
திட்டவில்லை அவர், அச்சடித்துத் தந்தார்.
பெரிய தொகை இல்லைதான்.
ஆறிய தண்ணீரை மறுபடி கொதிக்கவைத்துப் போட்ட டீ போல
வாயில் தட்டையாக நின்றது.

அந்த டிசம்பரில் உறைபனி முந்திக்கொண்டது.
கேத்திப் பள்ளத்தில் செடிகள் ஓரிரவில் கருகி
காப்பிப்பொடி நிறத்துக்குப் போயின.
இலை குறைந்து விலை ஏறியது;
கெய்ரோக்காரரில் ஒருவர் கென்யா பக்கம் திரும்பினார்.
பத்தொன்பது, பதினாறாகியது.
சொன்னதை மாற்றலாமா என்று கேட்டேன்,
பரீட்சைத் தாளைத் திரும்பக் கேட்கிறவள் மாதிரி.
"யாருக்கு எழுதிக் கொடுத்தீங்க? மதிப்புதானே.
தவணைக்குத் தவணை திரும்பக் குடிச்சுப் பாருங்க."

அது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.
அதே ஆலை, அதே முத்திரை,
அடுத்த வாரம் வேறு கிண்ணம்.
போன வார விலையை இந்த வாரத்துக்கு எழுதிய பையனை
நானே மேசையை விட்டு எழுப்பியிருக்கிறேன்.

மார்ச் பதினைந்து, ஞாயிற்றுக்கிழமை.
கட்டபெட்டு நிறுத்தத்தில் சிக்னல் இரண்டு கோடு.
ஓ.டி.பி. வருவதற்குள் கோத்தகிரி பஸ் போய்விட்டது.
பணமும் போனது. சலான் எண் வந்தது.

அடுத்த பஸ்ஸுக்கு நாற்பது நிமிஷம்.
எதிர்க்கடையில் ஒரு டீ சொன்னேன்.
தூள் கிலோ தொண்ணூற்றெட்டுக்கு மேல் போகாது,
ஏலக்காய் போட்டு மூடிய பழைய வாசம்.
நாக்கு தன்னால் சுருண்டது, தொட்டியைத் தேடி.
இல்லை என்றேன் அதனிடம், இது மிச்சம்.
விழுங்கினேன்.
சர்க்கரை அதிகம்.
இன்னொன்று சொன்னேன்.