கறி விறைக்கும் நேரம்

காலை பத்து மணிக்கு உடலியங்கியல் தேர்வு.
புளியந்தோப்பு விடிய இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது.
அஞ்சுகம் அண்ணி சுண்ணாம்புத் தண்ணீரில்
வஜ்ரியைப் புரட்டிப் புரட்டித் தேய்த்துக்கொண்டிருந்தாள்.
ஒரு கையில் செல்போன் வெளிச்சம்,
மறு கையில் நோட்டு,
ரத்தம் படாத தூரத்தில் நான்.

புத்தகம் மூன்று வகை என்கிறது.
இதாயத்து பாயைக் கேட்டால் மூன்று விலை.

தொடைக்கறி விலை கூட.
நார்நாராய், வரிவரியாய்,
சொன்னதைக் கேட்கிற சதை.
தூக்கு என்றால் தூக்கும்,
சீக்கிரம் அசந்தும் போகும்.
கொருக்குப்பேட்டை யார்டில் சிமெண்ட் மூட்டை சுமந்த
என் அண்ணனின் முதுகு முழுக்க இதுதான்.
சதை சுருங்கினால் உள்ளே நூலும் சுருங்கும் என்றுதான்
நினைத்திருந்தேன், நனைந்த பருத்திச் சட்டை மாதிரி.
இல்லையாம்.
எந்த நூலும் மயிரளவு குறைவதில்லை.
தடித்த நூல் மெல்லிய நூலைப் பற்றி
இழுத்து
விட்டு
அடுத்த இடத்தைப் பற்றி
இழுத்து...
எண்ணூரில் கரைவலை இழுக்கிற கைகள்.
கயிறு அதே நீளம்தான்.
கடல்தான் கிட்டே வருகிறது.

இதயத்தைப் பாய் மாங்காய் என்பார்.
அதிலும் வரி உண்டு, ஆனால் நார் நேராய் ஓடாது.
கிளைவிட்டு, பக்கத்து நாரோடு முட்டி ஒட்டி,
வியாசர்பாடிச் சந்துகள் மாதிரி:
ஒரு கதவைத் தட்டினால்
தெருவே எழுந்துகொள்ளும்.
யாரும் ஏவாமல் துடிக்கும்.
அறுத்து வைத்த பிறகும் சில நாள் ஒரு துள்ளல்.
பாய் அப்போது கத்தியைக் கீழே வைத்துவிடுவார்.
"முடிச்சுக்கட்டும்" என்பார்.

வஜ்ரிக்கு வரியே இல்லை.
இரு முனையும் கூர்ந்த கதிர்ச் செல்கள்.
குடலிலோ ஒரு அடுக்கு வளையமாய், ஒன்று நீளமாய்.
அவசரமில்லை, அலுப்புமில்லை.
நாம் தூங்கினாலும் தள்ளும்,
நம்மை ஒரு வார்த்தை கேட்காது.
ராயபுரம் பிரசவ ஆஸ்பத்திரியில்
பதினெட்டு மணி நேரம்
அண்ணியைப் பிழிந்ததும் இந்தச் சாதிதான்.
இப்போது அவள் அதைப் பிழிகிறாள்,
கிலோவுக்கு இவ்வளவு என்று.

நாற்பத்தொன்றாம் பக்கத்தில் நின்றுவிட்டேன்.

பற்றியதை விடுவதற்கும் எரிபொருள் வேண்டும் என்று இருந்தது.
அது தீர்ந்தால்
பற்றின கை பற்றின இடத்திலேயே.
பிணம் விறைப்பது பலத்தால் அல்ல,
விடுவதற்குத் தெம்பில்லாமல்.

அண்ணன் செத்த ராத்திரி இருவருக்கும் சண்டை.
சீட்டுப் பணம்.
காலையில் அவன் வலது கை மூடியிருந்தது.
ஒவ்வொரு விரலாய்ப் பிரித்துப் பார்த்தாள்,
வரவில்லை.
"கோவத்தோட போயிருக்கான்" என்றது
கூட்டத்தில் ஒரு குரல்.
நாலு வருஷமாய் அந்த வார்த்தை
எங்கள் வீட்டில் பாத்திரங்களோடு பாத்திரமாய் இருக்கிறது.

"அண்ணி, அது கோவம் இல்ல" என்று ஆரம்பித்தேன்.
அவள் தலை தூக்கவில்லை.

"தெரியும்.
கறி வெறைக்கும். ஒரு நா போனா தானாத் தளரும்.
தெனம் பாக்குறேன்ல.
தளர்ற வரைக்கும் வச்சிருங்கன்னு கேட்டேன்.
ஐஸ் பொட்டிக்கு யாரு குடுப்பான்னு
மத்தியானமே மூலக்கொத்தளம் தூக்கிட்டுப் போய்ட்டாங்க."

வஜ்ரியை உதறினாள்.
சுண்ணாம்புத் துளி ஒன்று
நோட்டில், நாற்பத்தொன்றின் மேல் விழுந்தது.
பாய் தராசைத் தட்டிக் கூப்பிட்டார்.

தாளில் அது வரவில்லை.
வரியில்லாத் தசையைப் படம் வரைந்து
பாகங்களைக் குறிக்கச் சொல்லியிருந்தார்கள்.
வரைந்தேன்.
கதிர் கதிராய், நடுவில் ஒரு புள்ளியாய்.
நகக்கண்ணில் இன்னும் சுண்ணாம்பு
எரிந்துகொண்டிருந்தது.