கதவுக்கு இந்தப் பக்கம்

நாலு நம்பர் கடைக்கு மேல்மாடி.
செருப்பைக் கழற்ற வேண்டுமா என்று
யாரும் எழுதி வைக்கவில்லை.
கழற்றினேன். பிறகு மாட்டிக்கொண்டேன்.

பீடோரில் மழைக்கு முந்திய மூன்று மணி.
செம்பனைக் குலை ஏற்றிய லாரி கீழே திரும்பும்போதெல்லாம்
சன்னல் கண்ணாடி பல்லைக் கடித்தது.
பெஞ்சில் எனக்கு முன்னால் மூன்று பேர்:
கையுறைத் தொழிற்சாலை மூடியதில் நின்றுபோன சித்தி ஹஜார்,
லாரியை விற்றுவிட்ட ஒரு சீன அங்கிள்,
எஸ்.பி.எம். முடிவுக்குக் காத்திருக்கும் பையன்.
அவன் காலை ஆட்டிக்கொண்டே இருந்ததில்
எங்கள் நால்வரின் பயமும் ஒன்றாக ஆடியது.

உள்ளே சர்வின்ராஜ். என்னைவிட நாலு வயது சின்னவன்.
கழுத்தில் அட்டை, அட்டையில் சிவப்பு இதயம்,
இதயத்தின் ஓரம் உரிந்திருந்தது.
'சம்பளம்னு ஒண்ணும் இல்ல சிஸ்.
நூறு வெள்ளி வசூலிச்சா முப்பது உங்களுக்கு.'
மீதி எழுபது?
'பிள்ளைங்களுக்கு' என்றான். கொஞ்சம் பொறுத்து
'ஆபீசுக்கு, வேனுக்கு, பிள்ளைங்களுக்கு.'
திருத்திச் சொன்னதற்காகவே அவனைப் பிடித்துப்போனது.

அனுபவம் இருக்கா?

இருக்கு என்றேன்.
எதையும் விற்றதில்லை. எவரிடமும் கேட்டதில்லை.
ஆனால் பதினோரு வயதில்
கதவுக்கு உள்பக்கம் எனக்கு வேலை.
அப்பாவின் ஐசியைப் பிடித்து வைத்திருந்த ஆலோங்
மோட்டாரை லயத்துக் கோடியில் அணைப்பான்.
அணைந்தபின் வரும் அமைதிதான் எங்களுக்கு மணி.
வானொலியை நிறுத்தக் கூடாது, குறைக்க வேண்டும்,
பக்கத்து வீட்டில் பாடுவதுபோல.
தம்பி வாயில் ஒரு ரொட்டி.
அம்மா அரிசி மூட்டைமேல் உட்கார்ந்து
தகரத்தில் ஆணிகளை எண்ணுவாள்.
அடுப்பை அணைத்துவிடலாம்.
பொரித்த மீனின் வாசனையை என்ன செய்வது?

அதனால் எனக்குத் தெரியும்.
நாய் குரைக்காத வீட்டில்தான் ஆள் இருக்கும்,
அதன் வாயை யாரோ பொத்தியிருக்கிறார்கள்.
திரைச்சீலை அசைந்தால் பிள்ளை.
அசையாமல் இருந்தால் அம்மா.

இதையெல்லாம் அவனிடம் சொன்னேனா?
'வீடு வீடா போறது கொஞ்சம் பழக்கம்'
என்று மட்டும்.

'சரி, நான் வீட்டுக்காரன். தட்டுங்க.'
மேசையைத் தட்டினேன்.
கையில் கோப்பு, பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு சிறுமி.
மூக்கில் குழாய். சிரிக்கச் சொன்னதால் சிரித்திருக்கிறாள்.
'அவ முகம் அவங்க பக்கம் சாயணும் சிஸ்.
உங்க முகம் இல்ல.
தட்டிட்டு ஒரு அடி பின்னால போங்க,
மூணு எண்ணுங்க. அப்பத்தான் பயப்பட மாட்டாங்க.'
இவ பேரு என்ன?
உறையைத் திருப்பினான்.
பின்பக்கம் பத்து, முப்பது, ஐம்பது.
வேறொன்றும் இல்லை.
கழுத்தைச் சொறிந்தபடி
'கேட்டுச் சொல்றேன்' என்றான்.

கோப்பைக் கையோடு கொடுத்தனுப்பினான்,
வீட்டில் பழகிப் பார்க்க. முடிவு நாளைக்கு வாட்சப்பில்.

மழையில் பஸ் விட்டு இறங்கும்போது
அவளைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டேன்.

இப்போது எங்களுக்குத் தாமானில் வீடு,
குறைந்த விலைத் தொகுதி, மூன்றாம் மாடி.
சாவி பையில்தான் இருந்தது.
தட்டினேன்.

உள்ளே வானொலி
நிற்கவில்லை.
குறைந்தது.

கருவாட்டு வாசனை மட்டும்
கதவின் அடியால் வந்து என் காலைத் தொட்டது.

அந்த ஆலோங் செத்து ஒன்பது வருஷம்.
அப்பா அதற்கும் முன்னால்.
யாருக்காக அம்மா இன்னும் குறைக்கிறாள்?

நான்தாம்மா என்று வாய் திறந்தது.
மூடிக்கொண்டேன்.
சிறுமியின் முகத்தைக் கதவுப் பக்கம் சாய்த்தேன்,
ஒரு அடி பின்னால் நகர்ந்தேன்.

ஒன்று.

இரண்டு.