நிலுவை

காரைக்குடியில் கடல் இல்லை.
பாலிடெக்னிக் பின்கட்டில், சைக்கிள் கொட்டகைக்கு அடுத்து,
பன்னிரண்டு மீட்டர் கண்ணாடித் தொட்டியில்
காலை பத்து முதல் மாலை நான்கு வரை
ஒன்று வைத்திருக்கிறோம்.

மணல் தொண்டியிலிருந்து லாரியில் வந்தது.
மூன்று நாள் அலசியும் ஒரு நண்டின் கால் கிடந்தது அதில்.
குழாய், செக்காலை ரோட்டு ஹார்டுவேர் கடையில்
மீட்டர் விலைக்கு வாங்கியது.
இரு முனையும் அடைத்து, நாலு விரற்கடை ஆழத்தில் புதைத்துவிட்டுக்
கையைத் துடைத்துக்கொண்டே அடைக்கலம் சொன்னார்:
"இனி எந்திரிக்காது."

மோட்டார் துடுப்பை அசைக்கிறது.
முகடு வரும்போது மணல் அழுந்துகிறது,
பள்ளம் வரும்போது விடுகிறது.
எனக்குத் தெரிந்தவரை அலை இதுதான்:
கொடுத்ததைக் கையோடு திருப்பி எடுத்துக்கொள்ளும்.

திரையில் கோடு வேறு சொல்கிறது.
ஏறிய உயரத்திலிருந்து அது முழுக்க இறங்குவதில்லை.
ஒரு மயிரிழை மிச்சம்.
அடுத்த அலைக்கும் ஒரு மயிரிழை.
மணலின் சந்துகளில் அடைபட்ட நீர்
வெளியேற வழி தேடுவதற்குள் அடுத்தது வந்துவிடுகிறது.
நகைக்கடன் அட்டையைச் சட்டைப்பையில் வைத்திருக்கும் அடைக்கலம்
எட்டிப் பார்த்து, "வட்டி ஏறுது உமையாள்" என்றார்.
நான் எழுதியது: மிகை நுண்துளை அழுத்தம், திரள்கிறது.
அவருடையது சுருக்கம்.

நூற்றுப் பதினேழாவது அலையில்
மணலை மணல் கைவிட்டது.
உடையவில்லை, சரியவில்லை, சத்தமில்லை.
கண்ணாடிக்கு அப்பால் திடமாக இருந்த ஒன்று
கஞ்சிபோல் தளும்பியது,
அலைக்கு அடியில் தானும் ஓர் அலையாக.
அதற்குள்ளிருந்து குழாய்,
யாரோ கூப்பிட்டதுபோல், ஒரு முனை முதலில்,
மேலே வந்தது.

மூழ்கும் என்றுதான் பயந்திருந்தோம்.
அளவுகோலைக் கீழ்ப்பக்கம் மட்டுமே ஒட்டியிருந்தேன்.

மூன்றே காலுக்குக் கரண்ட் போனது.
துடுப்பு நின்றது, கடல் மெல்ல ஊருணியானது.
குமிழ் குமிழாய் நிலுவை கழிந்து
மணல் படிந்தது, அரை விரல் கீழே,
முன்பைவிட இறுக்கமாக.
இதே அலைக்கு இனி அவ்வளவு லேசில் இளகாது.
குழாய் மட்டும் மேலே, ஈரமாக,
தன் இடமில்லாத இடத்தில்.

"எடுத்துடவா, இருக்கட்டுமா?"
இருக்கட்டும் என்றேன்.

வெளியே செம்பூரான் பாறையை உடைத்துக்
குடிநீர்க் குழாய்க்குப் பள்ளம் பறிக்கிறார்கள்;
காலையிலிருந்து ஒரு முழம்தான்.
சைக்கிளை எடுக்குமுன்
தரையை ஒருமுறை மிதித்துப் பார்த்தேன்.